அந்த ஒற்றை மரம்

கேமரன் மலையில் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை, எல்லாம் இடுப்பளவு. ட்ரோன் விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுற்றுலா வந்தவரின் ட்ரோன் தேடிப்போவது தோட்டத்தோரம் நிற்கும் அந்த ஒற்றை மரத்தைத்தான். விதியைப் பழிக்க வேண்டாம். தானாகத் திரும்பி வரச்சொல்லும் பொத்தான்தான் காரணம். அது உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கும். பள்ளத்தில் நின்று ஏவியவருக்கு 30 மீட்டர் என்பது வானம். மேட்டில் நிற்கும் மரத்துக்கு அது அடிக்கிளை.

பிறகு படை திரளும். ஒருவர் கயிற்றில் கல்லைக் கட்டி எறிவார். கல் மட்டும் திரும்பி வரும். இன்னொருவர் மூங்கிலோடு மூங்கிலை முடிவார். "அண்ணே, மரத்தைக் கொஞ்சம் உலுக்குங்களேன்" என்று கொழுந்து பறிப்பவரிடம் கேட்பார்கள். அவர் வங்காளதேசத்துக்காரர், தமிழ் புரியாது. புரிந்தாலும் உலுக்கமாட்டார்.

தொலைப்பது இந்த மலைக்குப் பழக்கம். 1885-இல் இதைக் கண்ட நில அளவையாளர் வில்லியம் கேமரன் வரைபடத்தில் குறிக்கத் தவறினாராம். 1967 மார்ச் 26 அன்று தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் இங்கே நடக்கப்போனார். காவல்துறை, ஒராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள், மந்திரம் போடும் போமோக்கள், எல்லாரும் தேடினார்கள். ஆளே அகப்படவில்லை. ட்ரோன்காரர் கொடுத்துவைத்தவர்: தொலைந்தது தலைக்கு மேலே விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

மலேசியாவில் அனுமதியின்றி 400 அடிக்கு மேல் ட்ரோன் பறக்கக்கூடாது. கிளையில் உட்கார்ந்திருப்பதற்குத் தடையில்லை.