வயித்துக்குள்ள தராசு வெச்சது ஆரு?

ஏங் கண்ணு, ஸ்கேன்ல நாலு கிலோன்னு எழுதிக் குடுத்ததுக்கா ஊட்டுல ஆளாளுக்கு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? உன்ற மாமியாளப் பாரு. "ரெண்டு உசுருக்குத் தின்னு"ன்னு ஏழாம் மாசத்துல இருந்து நெய்ய ஊத்தி ஊத்திப் பருப்புஞ்சோறு போட்டவ, இப்ப "எப்பிடிங் நர்ஸம்மா இத்தன பெருசாச்சு?"ன்னு என்னையே கேக்கறா. மாப்ளை அதுக்கு மேல. அவரு பொறந்தப்ப அவரு தலையப் பத்தி ஊரே பேசுச்சு. இப்ப ஒண்ணுந் தெரியாத ஆளாட்ட போனத் தடவிட்டு நிக்கறாரு.

நான் பென்சன் வாங்கற கெழவிதான். ஆனா சப்சென்டர்ல பிரசவம் பாத்த கை இது. பேரன் போன்ல எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்தா இங்கிலீசும் எழுத்துக்கூட்டிப் படிச்சுருவேன். அதனால சித்த உக்காந்து கேளு.

மொதல்ல அந்த நாலு கிலோ. வயித்துக்குள்ள தராசு வெச்சது ஆரு? தலைச் சுத்தளவு, வயித்துச் சுத்தளவு, தொடை எலும்பு நீளம், இதையெல்லாம் அளந்து கணக்குல போட்டா மிசினு ஒரு எடை சொல்லும். தென்னந்தோப்புக்கு வாற யாவாரி மரத்தை அண்ணாந்து பாத்துட்டுக் காய்க்கணக்கு சொல்வானல்லொ, அதேதான். அவன் பொய் சொல்றதில்ல, அனுபவம் பேசுது. ஆனா காய எறக்கி எண்ணுனாத்தானே நெசம் தெரியும்? ஸ்கேன் கணக்கு 100-க்கு 10, சிலசமயம் 15 கூடக் கொறைய இருக்கும். நாலு கிலோன்னா 3.6-ஆவும் இருக்கலாம், 4.4-ஆவும் இருக்கலாம். புள்ள பெருக்கப் பெருக்கக் கணக்குத் தடுமாறறதும் சாஸ்தி. நாலு கிலோன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, மூணேகாலைப் பெத்துத் தொட்டில்ல போட்ட புள்ளைங்க எத்தன பேரு!

அதுக்காக, மருந்து வெச்சு வலி வர வெச்சரலாம்னு டாக்டரம்மா வேலையத்துப் போயிச் சொல்லுதுன்னு நெனச்சுக்காத. அவங்க பயப்படறது எடைக்கு இல்ல, தோளுக்கு. தலை வந்துரும். வந்த தலை மறுபடி உள்ளயே இழுத்துக்கறாப்புல இருக்கும். முன்தோளு இடுப்பெலும்புல மாட்டிக்கும். அந்நேரத்துல அறையில ஒருத்தரும் பேசமாட்டாங்க, கடிகாரம் மட்டுந்தான் கேக்கும். ரெண்டு பேரு தாயோட ரெண்டு முழங்காலையும் வயித்தோட சேத்து மடக்கிப் புடிப்பாங்க. ஒருத்தர் அடிவயித்துல, எலும்புக்கு மேலயே கைய வெச்சு அழுத்துவாங்க. பெரும்பாலும் அதுலயே தோளு நழுவி வந்துரும். அதுலயும் வரலைன்னா தாயத் திருப்பி நாலு காலா நிக்க வெக்கறதும் உண்டு. அமெரிக்காவுல ஐனா மே காஸ்கின்னு ஒரு மருத்துவச்சி, குவாத்தமாலா நாட்டுக் கெராமத்துப் பொம்பளைங்க வழியா வந்த அந்த வித்தைய 1976-ல கத்துக்கிட்டாங்க. இப்பப் பெரிய பெரிய டாக்டருங்க புஸ்தகத்துல அந்தம்மா பேர்லயே அது இருக்குது. கெழவிங்க சொல்றதுல எப்பவாச்சும் சரக்கு இருக்குமுன்னு இப்பவாச்சும் ஒத்துக்க.

தோளு மாட்டுனா கை நரம்பு இழுபடலாம், காறை எலும்பு ஒடியலாம். முக்காவாசி தானாச் சரியாயிரும். ஒண்ணு ரெண்டு ஆவாமயே நின்னுரும். அதான் பயம். ஆனா இன்னொண்ணையுங் கேட்டுக்க. தோளு மாட்டற புள்ளைங்கள்ல பாதிக்குப் பக்கம் சாதாரண எடையில பொறக்கறதுதான். பெருசு மாட்டும், சிறுசு மாட்டாதுன்னு கோடு கிழிக்க ஆராலயும் முடியாது.

"அப்பச் சீக்கிரமா வலி வர வெச்சுட்டா?"ன்னு கேப்ப. அதையும் ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. பிரான்சு, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் மூணு நாட்டுலயும் 822 பொம்பளைங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் 37, 38 வாரத்துல மருந்து வெச்சாங்க, மறுபக்கம் காத்திருந்தாங்க. 2015-ல கணக்கு வந்துச்சு. தோளு பலமா மாட்டறது, எலும்பு ஒடியறது எல்லாஞ் சேத்து, மருந்து வெச்ச பக்கம் 100-க்கு 2, காத்திருந்த பக்கம் 100-க்கு 6. கை நரம்பு இழுபட்டது ரெண்டு பக்கத்துலயும் ஒண்ணுகூட இல்ல. சிசேரியனும் கூடல. "மருந்து வெச்சாலே கத்திதான்"னு எதுத்தூட்டுக்காரி சொன்னாளே, அவகிட்ட இதைச் சொல்லு. நம்பமாட்டா, இருந்தாலும் சொல்லு. ஆனா முன்னக்கூட்டிப் பொறந்ததுக மஞ்சக்காமாலைக்கு லைட்டுக்கடியில படுத்தது மருந்து வெச்ச பக்கந்தான் சாஸ்தி.

அப்பறம் இங்கிலாந்துக்காரங்க 2,893 பேரை வெச்சு இன்னும் பெருசாப் பண்ணி, 2025-ல சொன்னாங்க. மருந்து வெச்ச பக்கம் தோளு மாட்டுனது 100-க்கு 2.3, காத்திருந்த பக்கம் 3.1. இந்த வித்தியாசம் மருந்தாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியலயாம். ஏன்னா, காத்திருங்கன்னு சொன்ன பக்கத்துலயும் பல பேரு சீக்கிரமே பெத்துப்போட்டாங்க. புள்ளைங்க என்னைக்கு ஆராய்ச்சிக்காரன் பேச்சைக் கேட்டிருக்குது? அமெரிக்க டாக்டருங்க சங்கமோ, புள்ள பெருசுங்கற ஒரே காரணத்துக்காக 39 வாரம் முடியறதுக்கு முன்ன வலி வர வெக்காதீங்கங்குது. ஆக, படிச்சவங்களே ஒத்த வாயாப் பேசல. நீ ஒரே ராத்திரில முடிவு பண்ணோணும்னு ஏன் மூச்சு வாங்கற?

முடிவை மாத்தற சங்கதி ஒண்ணு இருக்குது. சக்கரை. தாயி ரத்தத்துல சக்கரை ஏறுனா, புள்ளைக்குத் தலை அளவாத்தான் இருக்கும், தோளும் வயிறும் பெருத்துரும். 75 கிராம் குளுகோசக் கரைச்சுக் குடுத்து, ரெண்டு மணி நேரங் கழிச்சு ரத்தம் எடுத்தாங்களே, அது 140-ஐத் தாண்டுச்சா இல்லையா? உனக்குத் தாண்டலைன்னு சொன்ன. நல்லது. தாண்டியிருந்தா நானே உன்னைக் கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரி வாசப்படியில உக்கார வெச்சிருப்பேன். சக்கரை உள்ளவங்களுக்கு நாலரை கிலோவுக்கு மேலன்னு தெரிஞ்சா சிசேரியனைப் பத்தியே பேசுவாங்க. இல்லாதவங்களுக்கு அந்த அளவு அஞ்சு கிலோ. உனக்குச் சொன்னது நாலு. அதுவும் தோப்புக்கணக்கு.

நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போறப்ப வாயத் தொறந்து கேளு. "எனக்கு இன்னிக்கு எத்தன வாரம் முடிஞ்சிருக்குதுங்? கருப்பை வாய் எளகியிருக்குதுங்ளா? எளகலைன்னா எதுல ஆரம்பிப்பீங்க, ஜெல்லா, பலூனா, மாத்திரையா? வலி வரலைன்னா அடுத்து என்னங்? ஒரு வாரம் பொறுத்தா என்ன நட்டம்ங்?" இத்தனையுங் கேளு. கருப்பை வாய் காயா இருந்தா, மொதல்ல அதைப் பழுக்க வெச்சுத்தான் ட்ரிப் ஏத்துவாங்க. முன்ன சிசேரியன் ஆனவங்களுக்கு அந்த மாத்திரையக் குடுக்கமாட்டாங்க, பழைய தையல் விட்டுரலாம். உனக்கு அந்தச் சங்கடமில்ல.

கேட்டாக் கோவிச்சுக்குவாங்கன்னு பயந்தா, ஸ்காட்லாந்துக் கதையக் கேளு. நாடீன் மான்ட்கோமரின்னு ஒரு அம்மா. சக்கரை உண்டு, ஆளும் குள்ளம். தோளு மாட்டலாமுன்னு டாக்டருக்குத் தெரியும். சொன்னா எல்லாருஞ் சிசேரியன் கேப்பாங்கன்னு சொல்லாம உட்டுட்டாங்க. 1999-ல பையன் பொறந்தான், தோளு மாட்டிக்கிச்சு, மூளையில பாதிப்பாயிருச்சு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல, அதைத் தாயிகிட்டச் சொல்லியே இருக்கோணும்னு தீர்ப்பு எழுதுச்சு. அது அவுங்க நாட்டுச் சட்டம். ஆனா வயிறு எந்த நாட்டுலயும் பொம்பளையோடதுதான.

நம்மூர்ல தனியார் ஆஸ்பத்திரியில பொறக்கறது 100-க்கு 64 சிசேரியன். 2019-21 சர்க்காரு சர்வே சொல்லுது. அதனால உனக்குச் சந்தேகம் வாறது ஞாயந்தான். ஆனா சந்தேகத்தைக் கட்டிக்கிட்டு வீம்புக்குப் பொறுக்கறதும் வேண்டாம். காத்திருக்கறதுன்னு முடிவாச்சுன்னா, புள்ள அசைவு கொறைஞ்சாலோ, தண்ணி ஒடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, நேரங்காலம் பாக்காமக் கெளம்பு. எதுத்தூட்டுக்காரி வெளக்கெண்ண குடிக்கச் சொல்லுவா. வலி வருதோ இல்லையோ, வயித்தால போறது நிச்சயம்.

மருந்து வெக்கறதுன்னு முடிவாச்சுன்னாலும் சரிதான், அதுலயும் தப்பில்ல. உன்ற மாமனாரை மட்டும் பாத்துக்க. நேத்தே சோசியர் ஊட்டுக்குப் போயி நாளுங் கெழமையும் குறிச்சுட்டு வந்துட்டாரு, அவிட்டத்துல பொறக்கோணுமாம். மருந்து வெக்கற நேரம் டாக்டரம்மா கையில இருக்குது. தலைப்பிரசவத்துல அதுக்கப்பறம் வலி புடிச்சுப் பொறக்க ஒரு நாளும் ஆவும், ரெண்டு நாளும் ஆவும். அவிட்டம் போயிச் சதயம் வந்து, சதயமும் போயிப் பூரட்டாதி வந்துரும். பஞ்சாங்கத்தைப் பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டு, சாவிய எங்கிட்டக் குடுக்கச் சொல்லு.