லீவுக் கணக்கும் பந்திக் கணக்கும்

வாய்யா மருமகனே. அந்தமானுக்கு வந்து கப்பல் இறங்கி ஒரு வாரம் ஆகலே, அதுக்குள்ள ஆபீஸ் லீவு லிஸ்டைக் கையில வச்சுக்கிட்டு "பொங்கலைக் காணோமே மாமா"ங்கிறே. நீ பொழைச்சுக்குவே. வேலை என்னன்னு பார்க்குறதுக்கு முந்தி லீவு எதுன்னு பார்க்குற புள்ளை லேசுப்பட்டதா?

கணக்கைக் கேளு. டெல்லிக்கு வெளியே இருக்கிற மத்திய அரசு ஆபீஸுக்குக் கட்டாய லீவு 14. அதுல பொங்கல் கிடையாது. மேற்கொண்டு 12 பண்டிகையைப் போட்டு, எல்லாருக்கும் பொதுவா 3 பொறுக்கிக்கோன்னு விட்டிருக்கான். பொங்கல், ஓணம், யுகாதி, ஹோலி, பிள்ளையார் சதுர்த்தி எல்லாம் அதுக்குள்ளதான் முண்டியடிக்குது. மெட்ராஸ்ல உக்காந்து 3 பொறுக்குறது பெரிய காரியமில்லே. இங்கே ஒரே ரூம்ல வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரி, நடுவுல நீ! போதாத குறைக்கு ஆளுக்கு ரெண்டு ஆர்.எச்., அதாவது அவனவன் விருப்பத்துக்கு எடுத்துக்கிற லீவு. அதை வருசத் துவக்கத்துலயே செலவழிச்சுட்டு, வருசக் கடைசியில முழிக்காதே.

லீவை விட்டுத் தள்ளு, பந்தியைப் பிடி. இந்த ஊர்ல சொந்தப் பண்டிகைக்கு வேலை பார்க்கணும், அடுத்தவன் பண்டிகைக்குச் சாப்பிடணும். ரம்ஜானுக்கு சாத்தம்ல படகேறி பாம்பூபிளாட் பக்கம் போ. இந்தத் தீவுல திரூர், மஞ்சேரின்னு கிராமமே இருக்கு. 1921 மாப்பிள்ளைக் கலகத்துல பிடிச்சு நாடு கடத்தின ஆளுங்க, ஊர்ப் பேரையும் கூடவே கூட்டியாந்துட்டாங்க. பிரியாணிப் பக்குவம் மட்டும் வராம இருக்குமா? கிறிஸ்துமஸுக்கு மாயாபந்தர் வெபி கிராமத்துல கரேன் இனத்துச் சிநேகிதன் ஒருத்தனைத் தேடிக்கோ. பர்மாவுலேருந்து 1925-ல வந்தவங்க. கார் நிக்கோபார்ப் பன்னி விருந்தை மட்டும் கனவுல சாப்பிடு. பாஸ் இல்லாம அங்கே கால் வைக்க முடியாது. மாமன் பேரைச் சொன்னாலும் விடமாட்டான்.

நம்ம பண்டிகைன்னா வெற்றிமலை முருகன் பங்குனி உத்திரம். காவடி வர்ற வழியில நில்லு. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாத ஆளும் 'அரோகரா'வைச் சுத்தமாச் சொல்லுவான். பக்தி அவனுக்குத்தான் ஜாஸ்தி, அன்னதான வரிசையில மட்டும் நீ முந்திக்கோ.

பண்டிகை போக மனசுல வைக்க வேண்டிய தேதி ஒண்ணு, டிசம்பர் 30, தெரியுமா? 1943-ல நேதாஜி இங்கே கொடி ஏத்தின நாள். அதே தேதியில 2018-ல ராஸ், நீல், ஹேவ்லாக் மூணு தீவுக்கும் பேரு மாத்துனாங்க. 2024-ல போர்ட் பிளேயரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிட்டுது. ஊருக்குக் கடுதாசி போடுறப்ப ரெண்டு பேரையும் எழுது, தபால்காரன் பாவம்.

இன்னொண்ணு. மெட்ராஸ் காலண்டரை நம்பிப் பானை வைக்காதே. கடிகாரம் ஒண்ணுதான், ஆனா சூரியன் இங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேலயே முந்தி வந்துரும். தை ஒண்ணாந்தேதி 6.30-க்கு நீ அடுப்பு மூட்டினா, அவரு எப்பவோ எழுந்து நடமாடிக்கிட்டு இருப்பாரு. தீபாவளிக்கோ சாயங்காலம் 5 மணி வாக்குலயே பொழுது சாஞ்சிரும். மழையும் வருவேன்னு நிக்கும். பட்டாசை இங்கேயே வாங்கு. விமானத்துல பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாரலாம்னு நினைச்சியோ, பண்டிகை போலீஸோடதான்.

பொங்கலன்னிக்கு லீவு கேட்டு மனு எழுதாதே. தூக்குச்சட்டி நிறைய சர்க்கரைப் பொங்கலோட ஆபீஸ் போ. மேஜைக்கு மேஜை ஒரு கரண்டி. தெலுங்கருக்கு நெய் கொஞ்சம் தாராளமா விடு, யுகாதிக்குக் கூப்பிடுவாரு. வங்காளி சூப்பரிண்டெண்டுக்கு முந்திரி நாலு கூடுதலாப் போடு. அக்டோபர் வாக்குல துர்கா பூஜை வரும், கிச்சடி போடுற இடத்துல கரண்டி அவரு கையிலதான் இருக்கும்.