யார் போட்ட ஓட்டு?

எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் காமராஜர் ஆட்சி அமைகிறது. “அப்படி ஒரு மனுசர் இனி பொறப்பாரா?” என்பார் பெரியவர், பெஞ்சே உச்சுக்கொட்டும். 1967-இல் அந்த மனுசரைச் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று கோபத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எதிர்த்துக் குத்தியவர்களில் ஒருவரையாவது பார்த்துவிட எனக்கு நெடுநாள் ஆசை. விருதுநகர்க்காரர் யாரைக் கேட்டாலும், “எங்க தாத்தா அய்யாவுக்குத்தான் போட்டார்” என்கிறார்கள். 1975-இல் காமராஜர் காலமானார். மறு வருஷம் பாரத ரத்னா வந்தது.

பெரியவருக்கும் விருதுநகர்தான். மெல்லக் கேட்டேன்: “அறுபத்தேழுல நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“டீ ஆறுது தம்பி, குடிங்க.”