ஆறங்குல விமானப்படை

இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளில், குறிப்பாக ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆண்கள் வாழும் வீடுகளில், விமானம் ஓட்டத் தெரியாதவரும், பயணியாக ஏறினால் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்பவரும், ஆயினும் பல நாட்டுப் போர் விமானங்களுக்கு உரிமையாளருமான ஒருவகை மனிதரைக் காணலாம். பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்வோர் என்று பொதுவாக அழைக்கப்படும் இவ்வகையினருடைய விமானப்படை பெரும்பாலும் 1:72 என்னும் அளவுவீதத்தில் அமைந்தது. அதாவது ஆறடி உயரமுள்ள விமானி ஓர் அங்குலமாகச் சுருங்குவார், 36 அடி 10 அங்குல இறக்கை விரிப்புள்ள ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஆறங்குலத்தைச் சற்றே தாண்டி நிற்கும். ஒரு படைப்பிரிவு முழுவதையும் புத்தக அலமாரியின் ஒரே தட்டில் நிறுத்திவிடலாம் என்பது இந்த அளவுவீதத்தின் சிறப்பு. அந்த வீட்டில் புத்தகங்களுக்கு நேர்ந்த கதியும் அதனால்தான்.

ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், காற்றடைத்த ரப்பர் பொம்மைகளும் சீப்புகளும் செய்து பிழைத்து, 1950களில் ‘கிட்’ விற்பனையில், அதாவது வார்த்தெடுத்த உதிரிப் பாகங்களை வாங்குபவரே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்புகளின் விற்பனையில், தீவிரமாக இறங்கியது. உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்குக் கிடைத்த அந்தப் பொட்டலங்கள் ஒரு தலைமுறைச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டன. அவர்களில் சிலரை இன்னும் விடவில்லை. 1964 முதல் 1974 வரை அந்நிறுவனத்தின் பெட்டிகளுக்கு ஓவியம் வரைந்த ராய் கிராஸுக்கு இதில் பெரும் பங்குண்டு. அவருடைய படங்களில் இயந்திரம் தீப்பற்றி எரியும், துப்பாக்கிகள் சுடும், மேகம் கிழியும். பத்து வயதில் கைக்காசு கொடுத்து நம் மாதிரி விமானக்காரர் வாங்கியது உண்மையில் அந்த ஓவியத்தைத்தான்; உள்ளே இருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அதற்கான இலவச இணைப்பு. வன்முறை கூடாது என்று பின்னாளில் அதே ஓவியங்களிலிருந்து தீயையும் வெடிப்பையும் நீக்கிப் பெட்டிகள் வெளியானபோது, குண்டுவீச்சு விமானங்கள் ஏதோ காற்று வாங்கப் புறப்பட்டவைபோலக் காட்சியளித்தன. இவர் அதை இன்றளவும் மன்னிக்கவில்லை.

வயது ஏறி வருமானமும் ஏறியபின் அந்தப் பெட்டி மூடியே சட்டம் போட்டுக்கொண்டு சுவரில் ஏறுகிறது. பிரிட்டனில் விமான ஓவியம் மதிப்புள்ள தனித் துறை; விமான ஓவியர்களுக்கென 1971இல் ஒரு சங்கமே தோன்றியது. ராக்கெட் ஏவும் டைஃபூன் விமானங்களை 1944இல் நார்மண்டிப் போர்க்களத்திலேயே கண்டு வரைந்த ஃபிராங்க் வூட்டனின் பிரதிகளையும், ராபர்ட் டெய்லரின் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’களையும் இவர் தேடி வாங்குவார். வரையறுக்கப்பட்ட பதிப்பு என்பது, இத்தனை பிரதிக்கு மேல் அச்சிடமாட்டோம் என்ற உறுதியோடு எண்ணிட்டு விற்கப்படுவது. பலவற்றின் கீழ் ஓரத்தில் இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானிகளின் பென்சில் கையெழுத்து இருக்கும். வரவேற்பறையில் இரண்டு, மாடிப்படிச் சுவரில் நான்கு என்று தொடங்கும் படையெடுப்பு, படுக்கையறை வாசலில் இல்லத்தரசியால் தடுத்து நிறுத்தப்படும். இயற்கைக் காட்சி என்ற பெயரில் ஒரு படத்தை உள்ளே கடத்தும் முயற்சியும் நடப்பதுண்டு. கென்ட் மாவட்டத்து வயல்களும் தேவாலயக் கோபுரமும் உள்ள அந்தப் படத்தின் வலது மூலையில் ஒரு ஜெர்மானிய மெசர்ஷ்மிட் விமானம் புகைவிட்டுக்கொண்டிருப்பது மறுநாள் காலையில்தான் கண்டுபிடிக்கப்படும்.

ஆனால் இவருடைய உண்மையான வாழ்க்கை நடப்பது மேசை விளக்கின் கீழ். பாகங்கள் ‘ஸ்ப்ரூ’ என்னும் பிளாஸ்டிக் சட்டகத்தில் காய்போலத் தொங்கும்; கத்தியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, இடுக்கியால் பிடித்துப் பசை தடவ வேண்டும். இந்தப் பசை சாதாரணப் பசைபோல இடையில் நின்று பிடிப்பதில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவது. ஆகவே ஒரு துளி விரலில் ஒட்டி, அந்த விரல் விமானியறையின் கண்ணாடி மூடியில் பட்டால், இவருடைய கைரேகை அந்த விமானத்தின் நிரந்தர உறுப்பாகிவிடும். அந்த மூடிக்குள்ளேதான் மூன்று மாலைகள் செலவழித்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் மானிகளின் முள்ளுக்கு வெள்ளை தீட்டியிருப்பார். இடுக்கியிலிருந்து தெறித்து விழும் பாகம் எதுவானாலும் அது தரைவிரிப்புக்குள் மறைந்துவிடும் என்பதும், முழங்காலிட்டுத் தேடும்போது போன ஆண்டு தொலைந்த வேறொரு விமானத்தின் பாகமே கிடைக்கும் என்பதும் இத்துறையில் விதிபோல நிலைபெற்றுவிட்டன.

நிறத்திற்கு வரும்போதுதான் இவருடைய முழு ஆளுமையும் வெளிப்படுகிறது. 1940 ஜூனில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பரப்பை ‘ஸ்கை’ என்னும் நிறத்திற்கு மாற்ற ஆணை பிறந்தது. பெயர்தான் வானம், நிறமோ வெளிறிய பச்சை. போதிய சாயம் கையிருப்பில் இல்லாததால் படைத்தளங்கள் கிடைத்ததைக் கலந்து அடித்தன. சில நீலம் சாய்ந்தும், சில பச்சை சாய்ந்தும் பறந்தன. எனவே அந்தக் கோடைக்கால விமானத்திற்கு எந்தச் சாயல் அடித்தாலும் அதைத் தவறென்று நிரூபிப்பது கடினம் என்பது பிறருக்கு ஆறுதல் தரும் செய்தி. இவருக்கோ அது தாங்கமுடியாத வேதனை. ஹம்ப்ரால் எனாமல் டப்பாவின் 90ஆம் எண் போதும் என்போர் ஒரு கட்சி, அதில் ஒரு சொட்டு வெள்ளை வேண்டும் என்போர் மறு கட்சி. அளவுவீதம் குறையும்போது நிறமும் வெளிற வேண்டும் என்ற கோட்பாட்டோடு மூன்றாம் கட்சி எழும். ஆதாரமாக எல்லாரும் காட்டுவது ஒரே புகைப்படம். அது கறுப்பு வெள்ளை.

நவம்பரில் டெல்ஃபோர்டு நகரில் நடக்கும் பெரும் கண்காட்சிக்கு இவர், தாம் முடித்த ஒரு விமானத்தைப் பஞ்சு வைத்த பெட்டியில் சுமந்து செல்வார். அங்கே ‘ரிவெட் எண்ணுபவர்’, அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளைக்கூட எண்ணிச் சரிபார்ப்பவர், என்று அஞ்சப்படும் மற்றொரு வகையினர் உலவுவர். கைவிளக்கோடு குனிந்து, சக்கரக் காலின் சாய்வைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ‘ம்’ என்று நகர்ந்துவிடும் அவர்களுடைய விமர்சனத்திற்கு மறுமொழி கூற வழியில்லை. அந்தப் புண்ணுக்கு மருந்து பக்கத்து விற்பனைக் கூடத்தில் கிடைக்கிறது. பரணில் ஏற்கெனவே பிரிக்கப்படாத பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு வீதம் செய்து முடிக்கும் இவர் அவற்றைத் தீர்க்க இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். ஆயினும் கையில் நான்கு புதிய பெட்டிகளோடு திரும்புவார். அவற்றுள் ஒன்று மீண்டும் ஸ்பிட்ஃபயர். புதிய அச்சில் வார்த்தது என்றும், பழையதன் இறக்கை நுனி அரை மில்லிமீட்டர் தடித்தது என்றும், அரை மில்லிமீட்டரை 72ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர் என்றும், அப்படியோர் இறக்கையோடு ஒரு விமானத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி உறங்குவது என்றும் அன்றிரவு படுக்கையறையில் விளக்கிக்கொண்டிருப்பார். விடை சொல்ல வேண்டியவர் 72ஆல் பெருக்கும் கட்டத்திலேயே உறங்கியிருப்பார்.