பாதி விலைக்கு ஒரு பதில்

வீடு வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல, ஈசானிய மூலையை. “பாத்ரூம் இங்கயா இருக்கு?” என்று உச்சுக்கொட்டுவார். அந்த ஒரு உச்சுக்கு ஐந்து லட்சம் தள்ளுபடி. போர் தண்ணீரை நாக்கில் வைத்து முகம் சுளிப்பார், இன்னும் மூன்று. கடைசியில் 80 லட்சம் சொன்ன வீட்டை 40-க்குக் கேட்டு, “ரெடி கேஷ் சார்” என்பார், குரலைத் தாழ்த்தி.

கோபப்படாதீர்கள், காபி கொடுங்கள். அதே தெருவில் அண்மையில் பதிவான பத்திரத்தின் விலையைச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரு லட்சம் இறங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், பத்திர விலை வழிகாட்டி மதிப்புக்கு ரொம்பக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை வாங்குபவரின் வருமானமாகவே கணக்கிட்டு வரி போடுவார்கள் என்பதையும் மெதுவாகக் காதில் போடுங்கள். வாஸ்துவுக்கு அஞ்சாதவரும் வருமான வரிக்கு அஞ்சுவார்.