றேடியோப் பெட்டியை அலற வைப்பது எப்படி

இலங்கை வானொலிக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தால், அப்பா பெயர் போடும் இடத்தில் 'ஜேர்மன் நீர்மூழ்கி' என்றுதான் எழுதவேண்டும். பகிடி இல்லை. 1923இல் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முதல் ஒலிபரப்புப் பரிசோதனையைச் செய்தபோது, பிடிபட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியின் வயர்லெஸ் சாமான்களைக் கழற்றித்தான் அவருடைய ஆட்கள் டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். கப்பல்களைக் கவிழ்க்க உதவிய சாமான், கொழும்பில் ஒரு குட்டி அறைக்குள் உட்கார்ந்து கிராமபோன் பாட்டுப் போட்டது. 1925 டிசம்பர் 16இல் 'கொழும்பு வானொலி' முறையாகத் தொடங்கியபோது அந்த நீர்மூழ்கிக்கு ஒரு நன்றி சொன்னார்களோ, என்னவோ!

ஆகவே, இன்றைக்கு ஒரு பெடியன் வீட்டுப் பழைய வால்வு றேடியோவைக் கழற்றிக் கிற்றார் அம்ப் ஆக்கப் பார்க்கிறான் என்றால், "ஐயோ, பாரம்பரியம் போச்சே" என்று குதிக்காதீர்கள். அடுத்தவன் பெட்டியைத் திறந்து கைவைப்பதுதான் இந்தத் துறையின் பாரம்பரியமே.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பெட்டிகள் வந்து இறங்கிய தோரணையைக் கொஞ்சம் பார்ப்போம். மலாயா றெயில்வேயில் கிளார்க்காக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய பெரியவர் வீட்டில் சாமியறைக்கு அடுத்த மரியாதை றேடியோவுக்குத்தான். மேலே பின்னல் துணி, அதற்கு மேலே பூச்சாடி, கிட்டப்போன பிள்ளைக்குக் குட்டு. அரசாங்கத்துக்கு லைசென்ஸ் காசு வேறு. திருகியவுடன் பாடாது. வால்வு சூடாக அரை நிமிஷம் வேண்டும். வைஃபை அரை நிமிஷம் நின்றால் கம்பெனிக்கு போன் போடுகிற நாங்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நெஞ்சு வெடித்தே செத்திருப்போம்.

பிறகு குரல் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து போய் இலங்கை வானொலியில் உட்கார்ந்த அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குத் தமிழ்நாடே காது கொடுத்தது. அந்தப் புகழில் சரிபாதி தன்னுடைய பெட்டிக்குச் சேரவேண்டியது என்பது பென்ஷனியரின் தாழ்மையான அபிப்பிராயம்.

சரி, பெட்டியின் பின்பக்க அட்டையைக் கழற்றுங்கள். உள்ளே ஐந்தாறு கண்ணாடிக் குமிழ்கள். அவைதான் வால்வுகள். இவற்றைக் கண்டுபிடித்த மேதைகளின் ஜாதகத்தைப் புரட்டினால் மயக்கமே வரும்.

முதலில் எடிசன். 1880களில் தன்னுடைய மின்குமிழுக்குள் வெற்றிடத்தினூடாகவே மின்சாரம் பாய்வதைக் கண்ணால் பார்த்தார். பேட்டன்ட் எடுத்தார். பிறகு லாச்சிக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்! எலக்ட்ரோனிக்ஸ் என்ற சமாச்சாரம் முழுவதும் கதவைத் தட்ட, "இப்ப நேரமில்லை, பிறகு வா" என்ற மனிதர்.

இரண்டாவது, ஜோன் அம்புரோஸ் ஃபிளெமிங். 1904இல் அதே குமிழை வயர்லெஸ் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவியாக்கினார். முதல் வால்வு. இவருக்குக் காது மந்தம். ஹெட்போனில் டொக்டொக் கேட்டுச் சமாளிக்க முடியாமல், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வழியைத் தேடித்தான் இதற்குள் இறங்கினார். றேடியோவின் ஆதி வால்வைச் செய்தவருக்கு றேடியோ சரியாகக் கேட்காது.

மூன்றாமவர்தான் நம்முடைய கதாநாயகர், அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட். 1906 வாக்கில் குமிழுக்குள் மூன்றாவதாக ஒரு வளைந்த கம்பியைச் செருகினார். அதற்குக் கிறிட் என்று பெயர். சின்ன சமிக்ஞை போய்ப் பெரிய சமிக்ஞையாக வந்தது. எப்படி? உள்ளே மிச்சமிருக்கும் வாயுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். சுத்தப் பிழை. வாயுவை முழுக்க உறிஞ்சி எடுத்தால்தான் அந்தச் சாமான் ஒழுங்காக வேலை செய்யும் என்று மற்றவர்கள் நிரூபித்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியவர் ஆர்ம்ஸ்ட்ரோங் என்ற ஓர் இளைஞர். அந்தக் குமிழை வைத்து அவர் செய்த ஒரு சுற்றைத் தன்னுடையது என்று சொல்லி, இவர் அவரோடு வருஷக்கணக்கில் வழக்காடினார். 1934இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது யார்? விளங்காதவர்தான்.

இதற்கிடையில் 1913இல் இவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். தபால் வழியாகப் பங்கு விற்று மோசடி செய்ததாக வழக்கு. அரசாங்க வக்கீல் அந்தக் குமிழைக் காட்டி, ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று கேலி செய்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் நீதிபதிக்கு முன்னால் வைத்துக்கொண்டு! கூட்டாளிகள் மறியலுக்குப் போக, டி ஃபாரஸ்ட் தப்பிவிட்டார். அதே ஆண்டில் அந்த உதவாத சாமானைத் தொலைபேசிக்குப் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி 50,000 டொலர் கொடுத்து வாங்கியது. 1950இல் சுயசரிதை எழுதினார். தலைப்பு, 'வானொலியின் தந்தை'. தலைப்பு வைத்ததும் அவரேதான்.

இனிக் கிற்றார் பக்கம் வருவோம். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938 முதல் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபென்டர். நம்மூர் றேடியோக் கடைக்காரர் மாதிரியே ஒருவர்தான். றேடியோவில் இருந்த அதே சுற்றுகளைத் திருப்பிப் போட்டுக் கிற்றார் அம்ப் செய்தார். உலகப் புகழ் கிடைத்தது. கடைசிவரை அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் தெரியாது.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்றொருவர். அவராவது கிற்றார்காரரா என்றால் இல்லை. டிரம்ஸ் வாத்தியார். 1960இல் ஹான்வெல்லில் கடை திறந்தார். வந்த பெடியள் எல்லாம் அமெரிக்கச் சத்தம் வேண்டும் என்று நச்சரிக்க, ஃபென்டரின் பாஸ்மன் அம்ப் ஒன்றைத் திறந்து பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து அதையே கட்டுவித்தார். கட்டியவர்களில் ஒருவர் டட்லி கிரேவன். வயது 18. முதல் அம்புக்கு வைத்த பெயர் ஜே.டி.எம். 45. 'ஜே' ஜிம், 'டி' மகன் டெர்ரி, 'எம்' மார்ஷல். கட்டின பெடியனுக்கு ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

கொஞ்ச நாளில் 'த ஹூ' குழுவின் பீட் டவுன்ஷென்ட் வந்து 100 வாட் கேட்டார். கொடுத்தார்கள். எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டிக்குள் போடச் சொன்னார். போட்டார்கள். தூக்கிச் சுமக்கிற பெடியள் முதுகு முறிந்து சண்டைக்கு வர, பெட்டியை இரண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார்கள். ரொக் மேடைகளில் கோபுரம் மாதிரி எழுந்து நிற்கிறதே, அந்தக் கம்பீரத்தின் மூலகாரணம் நாரிப்பிடிப்பு. இன்னொரு ரகசியம். 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் இருபது மடங்கு என்றுதானே நினைப்பீர்கள்? காதுக்கு அது இரண்டரை மடங்குச் சத்தம்தான். மற்றதெல்லாம் மின்சாரச் சபைக்கும் மனப்பிராந்திக்கும்.

எல்லாரையும் விட எனக்குப் பிடித்தவர் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ். எல்பிகோ என்ற மலிவான குட்டி அம்ப் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் எரிச்சலில் அதன் ஸ்பீக்கர் கடதாசியைச் சவர அலகால் கிழித்துவிட்டார். கரகர என்று கேவலமாக ஒரு சத்தம் வந்தது. அந்தக் கேவலத்தைக் கொண்டுபோய் 1964இல் பாட்டில் போட, பிரிட்டனில் முதலிடம்!

இப்போது யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற மனிதருக்கு இருக்கும் ஒரே மானம், சத்தம் கிழியக் கூடாது என்பது. தென்னையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பாட்டுக் கொஞ்சம் கரகரத்தாலும் போதும், உபயகாரர் ஓடி வருவார், ஊரே திரும்பிப் பார்க்கும், அடுத்த வருஷ ஓடர் பக்கத்து ஊர்க்காரனுக்குப் போய்விடும். கண்ணன் இசைக்கோஷ்டி மேடையேறின காலத்திலும் சரி, நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடிப் பெடியளைக் கெடுத்த காலத்திலும் சரி, அம்புக்குப் பின்னால் நின்றவருக்கு வேலை ஒன்றே: சுத்தமாகக் கேட்கச் செய்வது. சத்தம் போதாதென்று யாரும் முறையிட்டதுமில்லை. தவில் தெட்சணாமூர்த்தியை விடிய விடியக் கேட்ட ஊருக்கு 100 வாட் ஒரு கணக்கா?

அந்தக் 'கிழியல்'தான் என்ன? வால்வின் கொள்ளளவுக்கு மேலே சமிக்ஞையைத் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கும். ரான்சிஸ்ரர் என்றால் ஒடியல் முறிகிற மாதிரி டக்கென்று வெட்டிவிடும். வால்வு அப்படி இல்லை, வளைந்து கொடுத்துத்தான் மழுங்கும். அதில் புதிதாக முளைக்கிற மேல் ஸ்வரங்கள் காதுக்கு இனிக்கின்றன. எஞ்சினியர் பாஷையில் இதற்குப் பெயர் குறைபாடு. கிற்றார்காரர் பாஷையில் 'டோன்'. விலைப்பட்டியலில் ஒரு சைபர் கூட.

மாற்றுகிற வேலைக்கு வருவோம். இங்கே மட்டும் பகிடியைக் கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் ஆள் போய்விடும். பழைய பெட்டிகளில் இரண்டு சாதி உண்டு. யு.எல். 41, யு.வை. 41 என்று 'யு'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது ஏசி/டிசி செட். உள்ளே பவர் டிரான்ஸ்ஃபோர்மர் கிடையாது. சேசிஸ் என்கிற தகரச் சட்டம் நேரே மெயின்ஸின் ஒரு கம்பியோடு. பிளக்கை எந்தப் பக்கம் செருகினீர்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தகரத்தில் 230 வோல்ட் நிற்கும். மரப்பெட்டியும் பேக்லைட் திருகியும்தான் பென்ஷனியரை இத்தனை காலம் காப்பாற்றின. கிற்றாரின் கம்பியோ ஜாக் வழியாகச் சேசிஸில் போய் முடியும், கம்பியின்மேல் உங்கள் விரல். இந்தச் சாதிப் பெட்டிக்கு மேலே பூச்சாடியைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஈ.சி.எச். 81, ஈ.எல். 84 என்று 'ஈ' வரிசை இருந்து, கனமான டிரான்ஸ்ஃபோர்மரும் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கேயும் 250 வோல்ட் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கப்பாசிற்றருக்குள் அது பதுங்கியிருக்கும். அதை இறக்காமல் கைவைத்தால் டி ஃபாரஸ்டை நேரில் சந்தித்து வாயு விஷயமாகப் பேசலாம். பழைய கடதாசிக் கப்பாசிற்றர்கள் கசியும். கசிந்தால் பவர் வால்வு சிவந்து எரியும். ஆகவே அவற்றை எல்லாம் மாற்றவேண்டும். மூன்று முள் பிளக் போட்டுச் சேசிஸை எர்த் பண்ணவேண்டும். பின்பக்கம் கிராமபோனுக்கென்று ஒரு பிக்கப் துளை இருக்கும். ஆவலோடு கிற்றாரைச் செருகினால் கொசு பாடுகிற மாதிரித்தான் கேட்கும். கிராமபோன் ஊசி அரை வோல்ட், ஒரு வோல்ட் தரும். கிற்றார் தருவது அதில் பத்திலொரு பங்கு. நடுவில் ஈ.சி.சி. 83 என்ற சின்ன வால்வு ஒன்றைச் சேர்த்தால்தான் பெட்டி வாய் திறக்கும். ஏறத்தாழ 5 வாட். ஒரு வீட்டுக்கும் இரண்டு அயலுக்கும் தாராளம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வால்வுகள் உயிரோடு இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும், அதற்கொரு கதை உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சனம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரான்சிஸ்ரர் றேடியோவுக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டது. சைக்கிள் டைனமோ தருவது 3 வாட். ஈ.எல். 84 ஒன்றின் உள் இழையைச் சூடாக்க மட்டும் 4.8 வாட் வேண்டும். பென்ஷனியரின் பேரன் எவ்வளவு மிதித்தாலும் தாத்தாவின் பெட்டி மசியாது. 1995 போர் இடப்பெயர்வில் பிள்ளையைத் தூக்குவதா, பாயைத் தூக்குவதா என்ற நிலையில் அதை யார் தூக்குவது? அது இருந்த இடத்திலேயே இருந்தது. வால்வின் ஆயுளை எரிந்த மணித்தியாலத்தில்தான் கணக்கிடுவார்கள். வீட்டில் எல்லாருக்கும் வயது போனது, தப்பிக் கிடந்த பெட்டிக்குள் ஈ.எல். 84க்கு மட்டும் போகவில்லை.

இனி ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டுங்கள். ரொறன்ரோவிலிருந்து மருமகப்பெடியன் வருகிறான். தாத்தாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய றேடியோ மெக்கானிக் ஐயாவிடம் போகிறான்.

"ஐயா, இதைக் கிற்றார் அம்ப் ஆக்கித் தரேலுமோ?"

"றேடியோ நல்லாத்தானே கிடக்கு தம்பி?"

"ஓம் ஐயா. ஆனா எனக்குச் சத்தம் கொஞ்சம் கிழியவேணும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றுகிறார். "கிழியவேணுமோ? நாப்பது வருசமா அதைக் கிழியாமப் பண்ணித்தானே தம்பி நான் சோறு திண்டது."

பெடியன் மார்ஷலைச் சொல்கிறான், டேவ் டேவிஸைச் சொல்கிறான், யூடியூப்பில் போட்டும் காட்டுகிறான். ஐயா பொறுமையாகக் கேட்கிறார். வெளிநாட்டில் குளிருக்குள் இருந்து பிள்ளைக்குக் காதில் ஏதோ வந்துவிட்டது என்று அனுதாபப்படுகிறார். "வைச்சிட்டுப் போம், நாளைக்கு வாரும்" என்கிறார்.

அடுத்த நாள் பெட்டி மினுங்குகிறது. ஜாக் இருக்கிறது, ஈ.சி.சி. 83 இருக்கிறது, எர்த் இருக்கிறது. பெடியன் கிற்றாரைச் செருகி, வொல்யூமை அந்தம்வரை திருகி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோர்ட் அடிக்கிறான். பளிங்குபோல் சுத்தம். வீணை மாதிரி.

"நேற்று நீர் சொன்ன அந்தக் கிழியல் இருந்ததுதான் தம்பி, நானும் கேட்டனான்" என்கிறார் ஐயா, கையைத் துடைத்தபடி. "நெகற்றிவ் ஃபீட்பாக் போட்டு அதை முழுசா எடுத்துப்போட்டன். இனி என்ன திருகினாலும் வராது. அதுக்குக் காசு வேண்டாம்."