அரை வோல்ட் ஆசாமி

அரக்கோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காரின் பானெட் திறந்து கிடந்தால், வண்டி பழுது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்பவர் செட்டிங் சாராக இருக்கலாம். சுவால்பேட்டையில் ஒருவர், பழனிப்பேட்டையில் ஒருவர் என்று பேட்டைக்கு ஒருவராவது தேறுவார். 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் வாலாஜா ரோடுக்குப் போனது. அன்று முதல் ஓடுகிற எதைப் பற்றியும் ஊர்க்காரர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. செட்டிங் சாருக்கு இரண்டு. வண்டியில் ஏதோ சரியில்லை என்பது ஒன்று. அதைக் கம்பெனிக்காரனே தப்பாக வைத்து அனுப்பியிருக்கிறான் என்பது மற்றொன்று.

நம் சார் மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார், கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த புதிதில் வாங்கியது. இருபது வயது தாண்டிவிட்டது. கார்புரேட்டர் காலத்தில் ஐடிலிங் ஸ்க்ரூ, ஏர் ஸ்க்ரூ என்று திருகத் திருகக் கிடைத்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, போனால் போகிறதென்று ஒன்றை மட்டும் சில வண்டிகளில் விட்டுவைத்தது: த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

சங்கதி சின்னது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து, காற்று போகும் வழியில் இருக்கும் வட்டத்தகடு திறக்கிறது. அந்தத் தகட்டின் அச்சு முனையில் இந்த சென்சார் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வயர். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுக்கிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற தகவல் திரும்பிப் போகிறது. மூடியிருந்தால் சுமார் அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலரையை ஒட்டி. சரியான கணக்கு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவின் துளைகளும் சற்று நீளமாக இருக்கும். ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சென்சாரைத் திருப்பி, மறுபடி முடுக்க வேண்டும். அந்த நீளத் துளையில்தான் சாரின் ஓய்வுக்காலம் முழுவதும் கழிகிறது.

மீட்டர் அவரிடம் இல்லை. வைத்திருப்பதை அவமானமாகக் கருதுகிறார்.

“இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டுக்குக் கீழ நின்னு வேல பாத்தவன் நானு. இந்த அரை வோல்ட் என்னை இன்னா பண்ணும்?”

ரயில்வேயின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்தான், அதில் பொய்யில்லை. பழைய லோகோவில் வேகத்தைப் படிப்படியாக, நாட்ச் நாட்சாக ஏற்றுவார்கள். அதில் 32 நாட்ச். காரில் படியே இல்லை, வோல்ட் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பதைச் சார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு நாட்ச் ஏத்திருக்கேன்” என்று ஒரு தலைமுடி அளவு திருப்புவார். மூடிய தகட்டிலேயே வோல்ட் கூடிப்போனால், யாரோ மிதித்துக்கொண்டிருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். எஞ்சின் ஐடிலிங்கிலேயே இரையும். சத்தம் கூடியதைச் சார் பிக்அப் கூடியதாகக் கணக்கு வைத்துக்கொள்வார். பிறகு அந்த இரைச்சலைக் குறைக்க, தகடு எதுவரை மூடலாம் என்று தடுத்து நிறுத்தும், கம்பெனியில் பெயின்ட் வைத்து மூடிய ஸ்டாப் ஸ்க்ரூவைச் சுரண்டித் திருகுவார். அதைத் தொடவே கூடாது. தொட்டபின் எந்தக் கணக்குக்கும் அடி ஆதாரம் இல்லை.

காதை எஞ்சினில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கடற்படை விமானம் ஒன்று தலைக்கு மேல் போகும். சார் நிமிர்ந்து பார்ப்பார். “பாத்தியா, கொஞ்சம்கூட மிஸ்ஸிங் இல்ல. அது செட்டிங்!”

சோதனை ஓட்டத்துக்குத் திருத்தணி. வீட்டம்மாவிடம் கிருத்திகை என்று சொல்வார். மலைப்பாதையில் பாதி ஏறும்போது வண்டி ஒருமுறை இழுத்துத் தயங்கும்.

“லோடு ஜாஸ்தி” என்பார், பின்சீட்டுத் தேங்காய்ப் பையைப் பார்த்து.

“முருகனுக்கு 365 படி. உங்களுக்கு இன்னும் எத்தினி நாட்ச்சுங்க?” என்பார் வீட்டம்மா.

கடைசியில் ஒருநாள் மெக்கானிக் பையனிடம் போகத்தான் வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் கால் எந்த அளவில் அதிகம் நிற்கிறதோ அந்த இடத்தில் சென்சாருக்குள்ளிருக்கும் கார்பன் தடம் தேய்ந்துபோகும். பையன் மீட்டர் முனையை வயரின் பின்பக்கம் செருகி, தகட்டை மெதுவாகத் திறந்து காட்டினான். முள் மீட்டர்தான், ஏறிக்கொண்டே வந்த முள் நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தது.

“ட்ராக் தேஞ்சிருக்கு சார். எவ்ளோ திருப்பினாலும் நிக்காது. புதுசுதான் போடணும்.”

“பார்ட்ஸ் மாத்துறவன் மெக்கானிக்கா தம்பி? அட்ஜஸ்ட் பண்றவன்தான் மெக்கானிக்.”

மாற்றினான். ஸ்டாப் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் பாதி நாள் ஆனது; சென்சார் வேலை கால்மணி நேரம். முள் அரையில் நின்று, மிதிக்க மிதிக்க வழவழவென்று ஏறியது. இரண்டு ஸ்க்ரூ தலையிலும் பையன் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்தான்.

சார் குனிந்து மீட்டரை வெகுநேரம் பார்த்தார்.

“அரை வோல்ட்டா? கொஞ்சம் கஞ்சத்தனமா இல்ல?”

“கம்ப்யூட்டருக்கு அது போதும் சார்.”

“கம்ப்யூட்டருக்குப் போதும் தம்பி. எஞ்சினுக்கு?”